ஆட்காட்டிக் குஞ்சுக்குப் பேரில்லை

எங்கள் முன்பள்ளிச் சுவரில் துருவக்கரடியைக் கொண்டுவந்து ஒட்டின புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ஆடி மாதத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கஞ்சிப் பானைக்கு முன்னால் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிற ஒருத்திக்கு, பனிக்கட்டிமேல் சொகுசாகக் குந்தியிருக்கும் கரடியைப் பார்த்தால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வரும். கரடிக்குப் பக்கத்தில் ஒட்டகம், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் பென்குயின். மேலே கொட்டை எழுத்தில் 'விலங்குகளும் வாழிடமும்'.

நான் அங்கே சமையல். பெயர் கமலாட்சி. மல்லாவிச் சந்தையிலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் மண் ரோட்டில் வந்தால், குளக்கட்டுக்குக் கீழே நீல வர்ணம் அடித்த சின்னக் கட்டடம்தான் முன்பள்ளி. காலையில் முல்லையிலையோ முசுட்டை இலையோ போட்டுக் கஞ்சி, இல்லையென்றால் அவித்த கடலை. பிள்ளைகள் குடித்து முடித்ததும் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரீச்சர் படிப்பிக்கிறதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் இருப்பேன். நான் படித்ததில் பாதி அந்தப் படியில் படித்ததுதான்.

ரஜிதா ரீச்சர் வந்த புதிதில் அந்தப் படத்தைக் காட்டித்தான் தொடங்கினாள்.

"பிள்ளையள், இதுதான் துருவக்கரடி. இதுக்கு ஏன் மயிர் வெள்ளையா இருக்கு?"

கோகுலன் கையை உயர்த்தினான். "நரைச்சிட்டுது ரீச்சர்."

நான் சிரித்த சிரிப்பில் அகப்பை கையிலிருந்து விழுந்துவிட்டது. ரீச்சரும் சிரித்தாள். அடுத்த நாள் பார்த்தால் கரடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, படத்தின் வெறும் முதுகு எங்களைப் பார்க்கிறது.

"இவையள் கண்டறியாத கரடி என்னத்துக்கு அக்கா? இனி எங்கட குளத்துச் சீவனுகள்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பு பாதி நேரம் வெளியேதான். பிள்ளைகளை வரிசையாகக் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். சேற்றில் நிற்கிற நாரையைக் காட்டி, ஏன் இதுக்கு இவ்வளவு நீளக் கால் என்று கேட்டால், ஸம்ஹா என்கிற வாண்டு, "சட்டை நனையாம நிக்கிறதுக்கு" என்று சொல்லும். "அதேதான்!" என்று ரீச்சர் அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவாள். குளத்தில் நீந்துகிற தாராவின் கால் விரல்களுக்கிடையே ஏன் தோல் என்று விளங்கப்படுத்த, பிள்ளைகளை வெறுங்கையை விரித்துத் தண்ணீரைத் தள்ளச் சொன்னாள். பிறகு ஷொப்பிங் பையைக் கையில் மாட்டித் தள்ளச் சொன்னாள். பை போட்ட கை தண்ணீரை வாரித் தள்ளியது. எல்லாரும் தாராவாகி ஒருவரை ஒருவர் நனைத்து, என் கழுவிய கோப்பைகளையும் நனைத்தார்கள். ஏசினேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

ஊரில் எல்லாருக்கும் இது பிடித்ததென்று சொல்லமாட்டேன். முக்கியமாக ஸம்ஹாவின் வாப்பா மஸாஹிருக்கு. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, பிறகு தகப்பனின் காணியைத் தேடித் திரும்பி வந்த குடும்பம். மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் துணிக்கட்டு வைத்து ஊரூராக வியாபாரம். குளத்துக்குக் கீழே கொஞ்ச வயல். கடும் உழைப்பாளி, நல்ல மனுசன். வாய்தான் கொஞ்சம் காரம். என் வீட்டு வாசல் படலையடியில் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தினால் துணியைவிட முறைப்பாடுதான் அதிகம் விரிப்பான்.

"கமலாட்சியக்கா, நீங்களே சொல்லுங்க. அ, ஆ எழுதப் பழக்கத்தானே புள்ளய விடுறது? இவ மண்ணில படுக்க வைக்கிறா. வீட்டுக்கு வந்தா புள்ள தவண்டு தவண்டு திரியிது. கேட்டா உடும்பாம்!"

"உடும்பு நல்லதுதானே தம்பி. பிடிச்சால் விடாது. உம்மட மகள் உம்மைப்போலதான்."

"நீங்களும் அவட பக்கமா? பெற்றார் கூட்டம் வைக்கட்டும், கேக்கிறன்" என்று கிக்கரை உதைத்துவிட்டுப் போவான்.

அவன் சொன்ன மண்ணில் படுக்கிற கதை, ஆட்காட்டியால் வந்தது.

குளம் வற்றி, ஓரமெல்லாம் சரளையாகக் கிடந்தது. ஒரு காலை ரீச்சரும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போக, ஆட்காட்டிக் குருவி ஒன்று கிளம்பித் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கியது. அது கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். யாரோ ஆள் வருகிறது என்று அதற்கு ஊருக்கெல்லாம் சொல்லியாக வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும், சரளையில் ஓடித் திரிந்த அதன் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே படுத்துவிட்டன. நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணவில்லை. கல்லின் நிறம், மண்ணின் நிறம், குஞ்சின் நிறம் எல்லாம் ஒன்று.

"இதுகள் பறக்கேலாத சின்னக் குஞ்சுகள்" என்று ரீச்சர் குசுகுசுத்தாள். "ஓடினால் பருந்து கண்டிடும். அதால அசையாமப் படுக்குதுகள். ஆபத்துப் போனாப் பிறகு தாய் வந்து மெல்லமாக் கூப்பிடும். அப்பதான் இதுகள் எழும்பும். வாங்கோ, நாங்கள் தள்ளிப்போய் நிண்டு பாப்பம்."

தள்ளி நின்றோம். கத்தல் ஓய்ந்தது. தாய் இறங்கி வந்து தொண்டைக்குள்ளே 'குளுக், குளுக்' என்று ஒரு சத்தம் வைத்தது. சரளைக் கல்லுகளில் மூன்று நாலு எழும்பி ஓடின. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார்கள். எனக்கும் துள்ள வேண்டும் போலத்தான் இருந்தது, இடுப்பு விடவில்லை.

அன்றைக்குப் பிறந்ததுதான் ஆட்காட்டி விளையாட்டு. ரீச்சர் 'கிற்றீ, கிற்றீ' என்று கத்தினால், பிள்ளைகள் தங்கள் உடுப்பின் நிறத்துக்குப் பொருந்துகிற இடம் பார்த்துப் படுக்க வேண்டும். பச்சைச் சட்டை புல்லுக்குள், மண்ணிறக் காற்சட்டை மரத்தடியில். அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது. ரீச்சர் நாக்கை மடித்து 'குளுக், குளுக்' என்றால் மட்டும் எழும்பலாம். நான் குழப்புவதற்கென்றே, "கோகுலன், கஞ்சி ஆறுது, வா அப்பன்!" என்று கூப்பிடுவேன். அவன் எழும்பிவிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பப்படாது ராசா" என்பாள் ரீச்சர். "ஆட்காட்டிக் குஞ்சுக்குப் பேரில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுறது தாயில்லை. அது பருந்து."

அப்படியாக நான் பருந்தானேன்.

இந்த விளையாட்டில் நாள் தவறாமல் தோற்றது ஸம்ஹா. பிள்ளைக்கு இருந்ததெல்லாம் செக்கச்செவேலென்ற சட்டைகள், மஸாஹிர் ஆசையாகக் கொண்டுவந்து குடுத்த துணி. எங்கே படுத்தாலும் செவ்வரத்தம்பூ விழுந்து கிடக்கிற மாதிரித் தெரியும். அழுகையும் சிணுங்கலும். கடைசியில் அவளுடைய உம்மா ஜொஹறா, வியாபாரத்துக்கு வந்த கட்டிலிருந்து வைக்கோல் நிறத் துணி ஒன்றை வெட்டி, ஒரு பின்னேரத்துக்குள் சட்டை தைத்துவிட்டாள். ஜொஹறாவின் தையல் மெசின் ஓடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"என்னடி இது, பெருநாளும் இல்லை, பிள்ளைக்குச் சாக்கு நிறத்தில சட்டை?" என்று கேட்டேன்.

"அவக்கு வெல்லோணுமாம் அக்கா. ராவும் பகலும் இதே கதைதான். நான் ரொட்டிக்கு மாக் குழைக்கேக்க, இவ கட்டிலுக்குக் கீழ படுத்திருப்பா. நான்தான் தாயாம். குளுக் குளுக் எண்டு கூப்பிட்டாத்தான் சாப்பிட வருவாவாம். அவட வாப்பா, உனக்கும் பைத்தியம் பிடிச்சிட்டா எண்டு கேக்கிறார்."

சிரித்தோம். அந்தச் சட்டை என்ன வேலை பார்க்கப் போகிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சிறுபோக நெல் விளைந்து, மஸாஹிரின் வயலுக்கு மெசின் வருகிற நாள் வந்தது. அறுத்து, அடித்து, தூற்றிப் போகிற போக்கில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிற பெரிய மெசின். எங்கள் பக்கம் அதற்குச் சுனாமி என்றுதான் பேர். யானை இரண்டு தரம் வரம்புவரை வந்து திரும்பியிருந்ததால் மஸாஹிருக்கு நெல் வீடு வந்து சேரும்வரை நித்திரையில்லை. மெசின்காரருக்குச் சாப்பாடு குடுக்கிறது வயல்காரர் பாடு. வரம்போரத்துக் கொட்டிலில் ஜொஹறா அடுப்பு மூட்டி, சோறும் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். நான் முன்பள்ளி விட்ட கையோடு தேங்காய் துருவிக் குடுக்கப் போயிருந்தேன். ஸம்ஹா வைக்கோல் சட்டையோடு கொட்டிலைச் சுற்றி ஓடித் திரிந்தாள்.

தூரத்தில் மெசின் இரைந்தது. வாய்க்கால் கரையிலிருந்து ஆட்காட்டி இரண்டு கிளம்பி, கத்திக்கொண்டு வயலுக்குமேல் சுற்றின. நான் பாதித் தேங்காயில் நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுகிற பெடியன் நிருஷன், ராசா மாதிரி மேலே இருந்து கையைக் காட்டிக்கொண்டு வந்தான். மஸாஹிர் சிரித்த முகத்தோடு முன்னால் ஓடி வரம்பு வெட்டின இடத்தைக் காட்டினான்.

"ஸம்ஹா, வாங்க தங்கம், மெசின் வருது, உம்மாட்ட வாங்க" என்று ஜொஹறா குழம்பைக் கிண்டிக்கொண்டே கூப்பிட்டாள். பதில் இல்லை. கொட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள். இல்லை. "ஸம்ஹா!"

என் கையிலிருந்த தேங்காய்ப் பாதி மண்ணில் விழுந்தது. ஏனென்று தெரியாது, நான் முதலில் பார்த்தது வாய்க்காலைத்தான். பிறகுதான் வயலைப் பார்த்தேன். முற்றின நெல், வைக்கோல் நிறத்தில், காற்றுக்கு அசைந்துகொண்டு கிடந்தது. மெசினின் வாய் வரம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"நிப்பாட்டடா!" என்று நான் கத்தினேன். என் தொண்டையை ஊரில் பழிக்காதவர் இல்லை. அன்றைக்குத்தான் அது உதவியது. நிருஷன் திடுக்கிட்டு நிறுத்தினான். எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டு நின்றது.

"புள்ளயக் காணல்ல!" என்றாள் ஜொஹறா.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? அக்கம்பக்கத்து வயலிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் கிணற்றடிக்கு, ஒருத்தர் காட்டோரத்துக்கு. மஸாஹிர் உடுத்த சாரத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கித் தடியால் துழாவினான். இன்னும் சிலர் வயலுக்குள் விழுந்து, "ஸம்ஹா! ஸம்ஹா!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஆட்காட்டிகள் மேலே நின்று எங்களையும்விடக் கூடக் கத்தின. இந்த மண்ணில் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வராமல் நிற்கிறது என்றால் என்னவென்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

சத்தம் கேட்டு ரஜிதா ரீச்சர் சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு வரம்பால் ஓடி வந்தாள். கண்டதும் மஸாஹிர் வாய்க்காலிலிருந்து ஏறி, சேறு சொட்டச் சொட்ட அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"எல்லாம் உங்களாலதான்! ஒளிக்கப் பழக்கினீங்க! எங்க எண்ட புள்ள?"

ரீச்சரின் முகம் வெளுத்துப் போனது. மேலே சுற்றுகிற குருவிகளைப் பார்த்தாள், நெல்லைப் பார்த்தாள், ஜொஹறாவைப் பார்த்தாள்.

"என்ன சட்டை போட்டிருந்தவ?"

"அந்தப் புதுச் சட்டை."

"ஐயோ" என்றாள் ரீச்சர். "ஆட்காட்டி கத்தேக்க படுத்திட்டா. உண்மையான ஆட்காட்டி." திரும்பி நின்று கையிரண்டையும் தூக்கினாள். "ஒருத்தரும் கத்தாதேங்கோ! பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ! பேர் சொன்னால் அவா எழும்பமாட்டா, பருந்தெண்டு இன்னும் பதுங்குவா. எல்லாரும் வயலை விட்டு வெளியில வாங்கோ. நிருஷன், எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

"எண்ட புள்ளயத் தேடாம நான் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கவா?" என்று மஸாஹிர் பாய்ந்தான்.

"ஓம் அண்ணை. நில்லுங்கோ. தயவுசெய்து."

நான் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, ரீச்சர் சொல்லுறதைக் கேளும்" என்றேன். எஞ்சின் நின்றது. ஆட்கள் ஒவ்வொருத்தராக வரம்புக்கு ஏறினார்கள். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் வாய் திறக்காமல் நின்றதை நான் செத்த வீட்டில்கூடக் கண்டதில்லை. குருவிகளும் மெல்ல மெல்ல அடங்கி வாய்க்கால் பக்கம் இறங்கின. நெல் சரசரக்கிறது மட்டும் கேட்டது.

ரீச்சர் நாக்கை மடித்தாள். சத்தம் வரவில்லை. திரும்ப முயன்றாள், வெறும் காற்றுத்தான் வந்தது. பயத்தில் வாய் வறண்டுபோனது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதே தவிர நாக்கு நனையவில்லை.

ஜொஹறா அவளுடைய தோளில் கையை வைத்தாள். "விடுங்க ரீச்சர். வீட்டில நான்தான் தாய்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரொட்டிக்கு மாக் குழைக்கிறபோது கூப்பிடுகிற அதே மாதிரி, அவசரமில்லாமல், தொண்டைக்குள்ளே கூப்பிட்டாள்.

"குளுக், குளுக்."

மெசினின் வாய்க்கு நேர் முன்னால், அது இன்னும் ஒரு உருளல் உருண்டிருந்தால் ஏறியிருக்கும் இடத்தில், நெல் விலகியது. ஒரு சின்னத் தலை எழும்பியது. முகமெல்லாம் நெல்லுச் சுணை, மூக்கில் ஒரு வைக்கோல். எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வாய் காதுவரை போகச் சிரித்தது.

"உம்மா! நான் வெண்டிட்டன், என்ன?"

ஜொஹறா ஓடினாள். நெல்லை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவள் பிள்ளையை வாரியணைத்த கையோடு நாங்கள் அத்தனை பேரும் ஒரேயடியாகக் கத்தின கத்தலில் ஆட்காட்டிகள் திரும்பக் கிளம்பின. ஸம்ஹா உடனே உம்மாவின் இடுப்பிலிருந்து கீழே குதித்துப் படுக்கப் பார்த்தாள். "போதும் மகள், போதும், வெண்டிட்டீங்க!" என்று மஸாஹிர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தானா அழுதானா என்று சொல்லத் தெரியாத ஒரு முகத்தோடு வரம்பில் குந்திவிட்டான். நிருஷன் மெசினிலிருந்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "அக்கா, தண்ணி ஒரு செம்பு தாங்கோ" என்றான். கொட்டிலில் கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்துக் கரிந்திருந்தது. அன்றைக்கு அதைத் தின்றவர்கள் ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

மெசின் திரும்ப ஓடத் தொடங்குமுன் ரீச்சர் வயலைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் பார்த்தாள். பிறகுதான் நிருஷனுக்குக் கை காட்டினாள்.

அடுத்த நாள் அவள் முன்பள்ளிக்கு வந்தது விலகிப்போகிற யோசனையோடு. நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். குசினிப் பலகையில் வந்து இருந்தாள்.

"அக்கா, நான் சின்னனில, சண்டை நேரம் பங்கர்க் குழிக்குள்ள அசையாமக் கிடந்து பழகின பிள்ளை. அம்மா கத்தேக்க படுப்பம். ஆனால் எப்ப எழும்புறது எண்டு சொல்ல எங்களுக்கு ஒரு சத்தமும் இருக்கேல்ல. அதுதான் இந்த விளையாட்டில கடைசியில அந்தக் கூப்பிடுற சத்தத்தை வைச்சனான். அதுவே எனக்கு வராமப் போச்சே."

ஒரு கோப்பை கஞ்சியை அவள் கையில் திணித்தேன். "குடி முதல்ல. தாய் ஒருத்தி கூப்பிட்டாளே, பிள்ளை எழும்பிச்சே. நீ படிப்பிச்சதுதானே அது? விலகிற கதையை என்னட்டைக் கதைச்சால் அகப்பையாலதான் மறுமொழி" என்றேன்.

வெளியே மோட்டார்ச் சைக்கிள் வந்து நின்றது. மஸாஹிர். அவன் ஏசத்தான் வந்திருக்கிறான் என்று நான் அகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியில் நின்றான்.

"ரீச்சர், நேத்து நான் கதைச்சதைப் பெரிசு படுத்தாதீங்க. ஒண்டு கேக்க வந்தன்." தலையைச் சொறிந்தான். "ஜொஹறாக்கு அந்தச் சத்தம் தெரியும். எனக்குத் தெரியாதே. நாளைக்கு என்னோட போற இடத்தில புள்ள படுத்திட்டா, நான் என்ன செய்யிற? எனக்கும் பழக்கி விடுங்க."

அந்தக் கிழமை பெற்றார் கூட்டம் நடந்தது. இந்தக் கூட்டத்தைப்போல ஒரு கூட்டம் மாகாணத்திலேயே நடந்திராது. மரத்தடியில் தாய் தகப்பன் எல்லாரும் கதிரையில் இருந்து நாக்கை மடித்துக் 'குளுக், குளுக்' என்கிறார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விளையாட்டுக்குப் புது விதியும் வந்தது: பெரியாக்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் படுக்கலாம், வயலுக்குள்ளும் ரோட்டிலும் ஆட்காட்டி என்ன கத்தினாலும் தாயிடம் ஓட வேண்டும். சத்தம் வைக்கிறதில் கோகுலனின் தாய் பரவாயில்லை. மஸாஹிருக்குத்தான் வரவேயில்லை.

பாவம், அவன் விட்டானா? துணிக்கட்டோடு ரோட்டால் போகும்போதெல்லாம் பழகினான். "தம்பி, அது தவக்கை. மழையைக் கூப்பிடுறீரோ?" என்று படலையடியில் நின்று கேட்பேன். "சிரிங்க, சிரிங்க" என்றுவிட்டுப் போவான்.

ஆவணி பிறந்து ஒரு காலை, பிள்ளைகள் சரளையிலும் புல்லிலும் படுத்துக் கிடந்தார்கள். ரீச்சர் கூப்பிட வாயெடுத்த நேரம் மஸாஹிர் வந்து, "நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றான். கூப்பிட்டான். ஒரு பிள்ளையும் அசையவில்லை. புல்லுக்குள்ளிருந்து கோகுலனின் குரல் மட்டும், "அது மாடு" என்றது.

மஸாஹிர் துணிக்கட்டை இறக்கிக் கீழே வைத்தான். முழங்காலில் நின்றான். எச்சிலை விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, ஊரூராக விலை கூவிக் கூவித் தடித்துப்போன அந்தத் தொண்டைக்குள்ளே இருந்து, மெல்லமாக எடுத்தான்.

"குளுக், குளுக்."

முதலில் வைக்கோற் குவியலடியில் ஒரு தலை எழும்பியது. பிறகு புல்லிலும் மரத்தடியிலும் சரளையிலுமிருந்து ஒவ்வொன்றாக எல்லாத் தலைகளும் எழும்பின. வைக்கோல் சட்டைக்காரி ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வாப்பா, இப்பதான் நீங்க பருந்தில்ல" என்றாள்.